ஒரு லாகின் போதும்

உக்காருங்க அண்ணாச்சி. இங்கன, காத்தாடிக்குக் கீழ உக்காருங்க. கன்னம் நல்லா வீங்கிருக்கே, கடைவாய்ப் பல்லா? வேண்டாம் வேண்டாம், பேசாதீங்க. வாயைத் திறந்து பல்லுல காத்து பட்டா இன்னும் தெறிக்கும். தலையை மட்டும் ஆட்டுங்க, போதும். டோக்கன் என்ன நம்பர்? பதினாலா? இப்பத்தான் ஒம்பது உள்ள போயிருக்கு. நான் பதிமூணு. எப்படியும் ஒரு மணி நேரம் ஆயிரும். டாக்டரம்மா நிதானமாத்தான் பாப்பாங்க, ஆனா நல்ல கை.

எனக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. இடது பக்கம் லேசா ஒரு கூச்சம். வரும், போகும். இந்த மாசத்துல இது மூணாவது தடவை வாரேன்.

எனக்குத் தொழில் ஆல்பம் டிசைன். பேரு குத்தாலிங்கம். கல்யாணத்துல போட்டோ எடுக்காங்கல்ல, ரெண்டாயிரம் படம் எடுத்து அப்படியே நம்ம தலையில கொட்டிருவாங்க. அதுல நல்லதைப் பொறுக்கி, நாப்பது பக்கம் அம்பது பக்கம்னு அடுக்கி, அச்சுக்குப் போற மாதிரி பண்ணிக் கொடுக்கறது என் வேலை. எனக்குக் கிளையண்ட்னா பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடு கிடையாது. ஸ்டூடியோக்காரங்கதான். கடையநல்லூர், சுரண்டை, புளியங்குடி, அந்தப் பக்கம் அம்பாசமுத்திரம் வரைக்கும் முப்பத்தெட்டு ஸ்டூடியோ. ஆபீஸ் இல்ல, ஆள் இல்ல. இந்தத் தென்காசியில நம்ம வீட்டு முன்னறையில ஒரு கம்ப்யூட்டர், அதுக்கு முன்னால நான். பன்னெண்டு வருசமா ஒண்டி ஆளாத்தான் ஓட்டுதேன்.

போன் மட்டும் வீட்ல எடுப்பாங்க. எனக்கு வேலையில இருக்கும்போது பேசினா கை ஓடாது. ஹெட்போனை மாட்டிட்டு உக்காந்தா உக்காந்ததுதான், கூப்பிட்டாலும் கேக்காது. அதனால போன் உலகு கையில இருக்கும். உலகம்மாள், நம்ம வீட்ல. சமையல் பண்ணிக்கிட்டே பேசுவா, துணி காயப்போட்டுக்கிட்டே பேசுவா. என்ன பெரிய பேச்சு? “தம்பி, முக்கால்வாசி முடிஞ்சிருச்சு, வெள்ளிக்கிழமை வந்துரும்.” “மாப்பிள்ளையோட தாய்மாமன் படம் விட்டுப் போச்சா, சேத்துருதோம்.” “ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு, காய்ச்சலா?” இப்படித்தான். பாதி தொழில், பாதி ஊர்க்கதை. இடையில என்கிட்ட வந்து, “அந்த ரெண்டு சித்தப்பாவையும் ஒரே பக்கத்துல போடாதீங்க, அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல”ம்பா. நான் “உம்”னுட்டு மாத்திப் போடுவேன். இதையெல்லாம் ஒரு வேலைன்னு யாராவது நினைப்பாங்களா? நீங்களே சொல்லுங்க. சொல்லாண்டாம், ஆட்டுங்க.

வினை ஆரம்பிச்சது போன தை மாசம். சுரண்டை அய்யாத்துரை ஆல்பம் ஒண்ணு. கல்யாணம் முடிஞ்சு பொண்ணு மாப்பிள்ளையோட வெளிநாடு போகுது. புறப்படுற தேதி ஒரு வாரம் முன்னால வந்துருச்சு. அய்யாத்துரை போன்ல சொல்லியிருக்கான். உலகு என்கிட்ட சொன்னாளாம். ரெண்டு தடவை சொன்னாளாம். “நீங்க உம்னீங்க”ங்கா. அண்ணாச்சி, ஹெட்போன் போட்டிருக்கவன் ‘உம்’னா, அது பேச்சுக்குப் போட்ட உம்மா, பாட்டுக்குப் போட்ட உம்மான்னு பாக்க வேண்டாமா? தோளைத் தட்டிச் சொன்னா என்ன? அந்தப் பொண்ணு ஆல்பம் இல்லாம பிளேன் ஏறிருச்சு. அய்யாத்துரை போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினான். உலகுதான் வாங்கிக்கிட்டா, போன் அவகிட்டதான இருக்கு. எனக்கு அன்னைக்கு மனசே சரியில்ல. இனிமே இந்தச் சொன்னேன், சொல்லலைங்கிற கதையே வேண்டாம், ஒரு ஒழுங்கு கொண்டு வரணும்னு முடிவு பண்ணினேன்.

திருநெல்வேலியில போட்டோக்காரங்க கூட்டம் ஒண்ணு. அங்கன ஒருத்தர் சொன்னாரு, கிளையண்ட் மேனேஜ்மெண்ட் சாஃப்ட்வேர்னு இருக்கு, யாரு, எந்தத் தேதி, என்ன நிலைமை, எல்லாத்தையும் அது ஞாபகம் வச்சுக்கிடும், அதுவே நம்மள எழுப்பிச் சொல்லும், அதுவே கிளையண்டுக்கு மெசேஜ் போடும், தனியாத் தொழில் பண்றவனுக்கு அதுதான் துணைன்னு. கேக்க எவ்வளவு நல்லா இருக்கு? வீட்டுக்கு வந்து தேட ஆரம்பிச்சேன். அண்ணாச்சி, அது ஒரு கடல். எல்லாரும் பதினாலு நாள் இலவசம்காங்க. அந்தப் பதினாலு நாள்ல நாம என்ன ஏதுன்னு புரிஞ்சுக்கிடறதுக்குள்ள பதினஞ்சாவது நாள் வந்துரும்.

முதல்ல ஒண்ணு. அது வீடு, மனை விக்கிறவங்களுக்காகச் செஞ்சது போல. ஒவ்வொரு பேருக்கும் நேரா, இவர் சூடா, வெதுவெதுப்பா, ஜில்லுன்னு இருக்காரான்னு கேக்கும். வாடிக்கையாளரைத்தான் அப்படிக் கேக்குது. உலகுகிட்ட வாசிச்சுக் காட்டினேன், சிரிச்சா. அவ வாய் விட்டுச் சிரிச்சது அதுதான் கடைசின்னு நினைக்கேன், எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. ரெண்டாவது ஒண்ணு, அது கம்ப்யூட்டர்ல திறக்காது, போன்லதான் திறக்கும். போன்ல திறந்தா எழுத்து எறும்பு மாதிரி தெரியும். மூணாவது ஒண்ணு தமிழ்லயே மெசேஜ் போடும்னாங்க. போட்டுச்சு. “அன்பார்ந்த வாடிக்கையாளரே, எங்களுடனான உங்கள் பயணம் அடுத்த கட்டத்தை எட்டியுள்ளது.” அம்பாசமுத்திரத்துக்காரர் உடனே போன் போட்டு, “எந்தப் பயணம் அண்ணே? எங்க கூட்டிட்டுப் போறீங்க?”ன்னு கேக்காரு. உலகு அரை மணி நேரம் பேசிச் சமாதானப்படுத்தினா.

ஒவ்வொண்ணுக்கும் முப்பத்தெட்டு பேரையும் முதல்ல இருந்து அடிக்கணும். ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு எடுத்துப் போடலாமாம், எனக்கு அது பிடிபடல. உலகு பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். எனக்கு ஸ்டூடியோ பேருதான் தெரியும். ஆள் பேரு, ஊரு, எந்த நேரத்துல கூப்பிடணும், அதெல்லாம் அவளுக்குத்தான தெரியும்.

நாலாவது ஒண்ணுதான் கொஞ்சம் தேறுச்சு. அதுல சென்னையில இருந்து ஒரு பொண்ணு வீடியோ கால்ல வந்து விளக்கிச் சொல்லுச்சு. நல்ல மரியாதையான பொண்ணு. “டீம்ல எத்தனை பேர் சார்?”னு கேட்டுச்சு. “டீமெல்லாம் இல்லம்மா, நான் ஒண்டி ஆளு”ன்னேன். “அப்ப கிளையண்ட் கால்ஸ் எல்லாம் யார் எடுக்கிறாங்க சார்?” “அது வீட்ல எடுப்பாங்க”ன்னேன். “அப்ப அவங்களுக்கும் ஒரு லாகின் குடுத்துரலாம் சார், ரெண்டு யூசர் பிளான் எடுத்துக்கோங்க, அவங்களும் தனியா உள்ள வந்து பாக்கலாம், எழுதலாம்”னுச்சு. வித்தியாசம் ஒண்ணும் பெருசு இல்ல, ஆனா தேவையில்லாதது எதுக்கு? “அவளுக்கு எதுக்கும்மா லாகின்? சும்மா போன் எடுக்கறதுதான். ஒரு லாகின் போதும்”னேன். அந்தப் பொண்ணு பார்வை எனக்குப் பக்கத்துல போய் அப்படியே நின்னுச்சு. நெட் விட்டுப் போச்சோன்னு நினைச்சேன். உலகு பக்கத்துலதான் இருந்தா, அவ மூஞ்சி கேமராவுல பாதி தெரிஞ்சிருக்கும் போல.

கால் முடிஞ்சதும், “அடிங்க, மிச்சத்தையும் இன்னைக்கே முடிச்சிருவோம்”னா. முப்பத்தெட்டு பேரையும் ஒரே இருப்புல சொல்லி முடிச்சா. அதுல ஒவ்வொரு பேருக்கும் கீழ ‘குறிப்பு’ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதுல எழுதச் சொல்லி அவ சொன்னதைக் கேட்டீங்கன்னா, இவருக்கு இடது காது கேக்காது, வலது பக்கம் வச்சுப் பேசச் சொல்லணும். இவரு கோவப்பட்டா மறுநாள் அவரே கூப்பிடுவாரு, விட்டுரணும். இவரு வீட்ல ரெண்டாவது குழந்தை தங்கல, வளைகாப்பு ஆல்பம் அனுப்பும்போது முன்னாடியே சொல்லிட்டு அனுப்பணும். இதையெல்லாம் யாராவது சாஃப்ட்வேர்ல எழுதுவாங்களா அண்ணாச்சி? பேரு, ஊரு, நம்பர், தேதி, அவ்வளவு போதும்னு நான் பாட்டுக்கு அடிச்சேன். அவ நிறுத்தாம சொல்லிட்டே இருந்தா. முடிஞ்சதும் போனைச் சார்ஜ் போட்டு என் மேசை மேல வச்சுட்டு எந்திரிச்சா.

அடுத்த திங்கக்கிழமை காலைல நல்ல சேலை கட்டிக்கிட்டு, பை எடுத்துக்கிட்டு நிக்கா. “எங்க?”ன்னு கேட்டேன். “வேலைக்கு”ன்னா. “என்ன வேலை?” “போன வாரமே சொன்னேன்.” ஒரு பல் ஆஸ்பத்திரிக் கண்ணாடியில வரவேற்புக்கு ஆள் வேணும்னு ஒட்டியிருந்தாங்களாம். போய்ப் பாத்தாளாம், பேசினாளாம், வரச் சொல்லிட்டாங்களாம். எனக்கு ஒண்ணும் ஓடல. இவளுக்கு வீட்ல என்ன குறை? நான் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசுற ஆள் கிடையாது. எதுத்த வீட்ல ஒரு டீச்சர் இருக்கு, அதுதான் ஏதாவது தூண்டி விட்டிருக்கும். வேற என்ன காரணம் இருக்க முடியும்?

எந்த ஆஸ்பத்திரின்னா பாக்கீங்க? இதுதான். மெதுவாத் திரும்புங்க, சட்டுனு பாக்காதீங்க. கவுண்டர்ல நீலச் சேலை, காதுல போன். அவதான் உலகு. உங்களுக்கு டோக்கன் போட்டுக் குடுத்தது அவதான்.

ஆறு மாசம் ஆச்சு. எட்டு மணிக்குக் கிளம்புவா, சாயங்காலம் வருவா. வீட்ல சண்டை சச்சரவு ஒண்ணும் இல்ல. சோறு பொங்கி வச்சிருப்பா, சிரிச்ச முகமாப் பேசுவா, கோயிலுக்குக் கூப்பிட்டா வருவா. என் போனை மட்டும் தொட மாட்டா. அடிச்சா அடிச்சுக்கிட்டே கிடக்கும். “யாருன்னு பாரேன்”னா, “அது உங்க வேலை”ம்பா. கோவமாச் சொல்ல மாட்டா. கோவமாச் சொன்னாக்கூட நாம ஒண்ணு திருப்பிச் சொல்லலாம்.

சரி, அதான் சாஃப்ட்வேர் இருக்கேன்னு வருசச் சந்தா கட்டினேன். ஒரு லாகின். அது தேதி சொல்லுச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா போன் வருதே அண்ணாச்சி, போன் நின்னபாடு இல்ல. எடுத்த உடனே எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், “மதினி இல்லையா?” இல்லைன்னா, “சரி, அப்புறம் கூப்பிடுதேன்”னு வச்சிருவாங்க. ஆல்பத்தைப் பண்றது நான், படத்தை வெட்டி ஒட்டறது நான். மதினி வந்து என்ன சொல்லப் போறா? நான் எடுத்தா, “ம், முடியல, ரெண்டு நாள் ஆகும்”னு சொல்லுவேன். அவளும் அதையேதான் சொல்லுவா. ஆனா அவ சொன்னா ஒத்துக்கிடுதாங்க, நான் சொன்னா வேற ஆளைப் பாக்கப் போயிருதாங்க. முப்பத்தெட்டு இப்ப முப்பத்தொண்ணு.

அதுகூடப் போகட்டும். இந்த மசூது பாய் விசயம்தான் என்னை உக்கார வச்சிருச்சு. கடையநல்லூர் மசூது பாய், எனக்கு முதல்முதல்ல ஆல்பம் குடுத்த மனுசன். உலகுவைத் தங்கச்சின்னுதான் கூப்பிடுவாரு. பெருநாளைக்கு வீட்டுக்கு பிரியாணி வந்துரும். அவரு மூத்த மக கல்யாணத்துக்கு ஆல்பம் நம்மதான் பண்ணணும்னு ரொம்ப முன்னாடியே தேதி சொல்லியிருந்தாரு. அந்தத் தேதி சாஃப்ட்வேர்ல இருந்துச்சு. அந்தத் தேதி அன்னைக்குக் காலைல பத்து மணிக்கு அது பாட்டுக்கு அவருக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்கு. “இனிய மணவிழா வாழ்த்துகள்! உங்கள் படங்களைத் தேர்வு செய்யத் தயாரா?” பூப் படம் எல்லாம் போட்டு.

அந்தக் கல்யாணம் நின்னு போச்சு அண்ணாச்சி. அந்தத் தேதிக்கு அஞ்சாறு மாசம் முன்னாடியே நின்னு போச்சு. மாப்பிள்ளை வீட்ல ஏதோ சொல்லி நிறுத்திட்டாங்க. அந்தப் பொண்ணு வீட்டை விட்டு வெளிய வாறதில்லையாம்.

மசூது பாய் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். மறுநாள் அவர் ஆள் ஒருத்தன் வந்து, “பாய் படம் போட்டுக் குடுத்த ஹார்ட் டிஸ்க்கை வாங்கிட்டு வரச் சொன்னாங்க”ன்னு நின்னான். எடுத்துக் குடுத்தேன். அவ்வளவுதான். பன்னெண்டு வருசம். போன் போட்டேன், எடுக்கல.

சாயங்காலம் உலகு வந்ததும், “இந்த மாதிரி ஆகிப்போச்சு, நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”ன்னு கேட்டேன். செருப்பைக் கழட்டிக்கிட்டே, “சொன்னேன்”னா. அப்பத்தான் எனக்கு லேசா ஞாபகம் வருது. அன்னைக்கு முப்பத்தெட்டு பேரைச் சொன்னாள்ல, அதுல, “மசூது பாய் மக கல்யாணம் நின்னுருச்சு, அந்தத் தேதியை எடுத்துருங்க, குறிப்புல எழுதுங்க”ன்னா. நான், “அது அவங்க வீட்டு விசயம், சாஃப்ட்வேர்ல எதுக்கு?”ன்னு அடுத்த பேருக்குப் போயிட்டேன். ஆனா ஒரு சாஃப்ட்வேர்னா அதுக்குக் கொஞ்சமாவது விவரம் வேண்டாமா? இத்தனை பேர் உக்காந்து செய்யுதாங்க, கல்யாணம் நின்னிருந்தா என்ன பண்ணணும்னு ஒருத்தனுக்கும் தோணலியா? கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். அந்தச் சென்னைப் பொண்ணுதான் பதில் போட்டுச்சு. “வருந்துகிறோம் சார், தேதியை நீங்கள்தான் மாற்ற வேண்டும்”னு.

உலகு அடுத்த ஞாயித்துக்கிழமை தனியாக் கடையநல்லூர் போயிட்டு வந்தா. கல்யாணம் நின்ன பொண்ணோட அம்மாகூட ரொம்ப நேரம் இருந்துட்டு வந்தா. “என்ன சொன்னாங்க, மறுபடி வேலை தருவாங்களா?”ன்னு கேட்டேன். என்னை ஒரு பார்வை பாத்தா. “நான் வேலை கேக்கப் போகல”ன்னா. பிறகு நாங்க சாப்பிட்டோம். ரசம் நல்லா இருந்துச்சு. அதைச் சொல்லலாமான்னு நினைச்சேன், சொல்லல.

அதுக்கப்புறம்தான் எனக்குப் பல்லு கூச ஆரம்பிச்சுது.

சிரிக்காதீங்க, வலிக்கும். உள்ளதைச் சொல்லிருதேன். வீட்ல கேட்டா, “அது உங்க வேலை”ன்னுட்டு அடுப்படிக்குப் போயிருவா. இங்கன டோக்கன் போட்டு கவுண்டர்ல நின்னு கேட்டா மூஞ்சியைத் திருப்ப முடியாதுல்ல, பதில் சொல்லித்தான ஆகணும்? முதல் தடவை வந்தப்ப, “ஆலங்குளத்துக்காரர் ஏன் முறுக்கிக்கிட்டு இருக்காரு?”ன்னு கேட்டேன். “அவங்க அம்மா தவறிட்டாங்க. நீங்க விசாரிக்கல”ன்னா. சொல்லிட்டு, “அடுத்தவங்க வரலாம்”னுட்டா. ரெண்டாவது தடவை, “புளியங்குடிக்காரன் பேர்ல ரெண்டு நம்பர் இருக்கே, எது சரி?”ன்னேன். “ரெண்டும் சரிதான். ரெண்டாவது அவர் வீட்டுக்காரி. அவர் எடுக்கலைன்னா அவங்களைக் கூப்பிடணும். அந்த ஸ்டூடியோ ஓடுறதே அவங்களாலதான்”னா. அப்ப நான் கிளையண்ட்னு யார் பேரைப் போட? சாஃப்ட்வேர்ல ஒரு பேருக்குத்தான் இடம் இருக்கு. அதைக் கேக்கறதுக்குள்ள ஒரு சின்னப் பிள்ளை ஓடி வந்து அழ ஆரம்பிச்சுது, உள்ள போக மாட்டேன்னு.

அன்னைக்குப் பாத்தேன் அண்ணாச்சி. கவுண்டரை விட்டு வெளிய வந்தா, அந்தப் பிள்ளை பக்கத்துல தரையில உக்காந்தா. என்னமோ காதுல சொன்னா. ஒரு காதுல போன் வேற, அதுல ஒருத்தருக்கு நேரம் சொல்லுதா. இன்னொரு பக்கம் ஒரு பெரியவருக்கு, பல் செட்டைக் கழட்டி எப்படி வைக்கணும்னு கையாலயே காட்டுதா. பிள்ளை எந்திரிச்சு அது பாட்டுக்கு உள்ள போகுது. நம்ம வீட்ல இப்படி ஒரு காரியத்தை நான் பாத்ததே இல்ல. நடந்திருக்கலாம். எனக்கு முதுகுப் பக்கம்தான அவ இருப்பா. டாக்டரம்மா என்னைப் பாத்துட்டு, “பல்லு நல்லா இருக்கு சார். உங்க மிசஸ் இல்லைன்னா இந்த கிளினிக் ஓடாது”ன்னாங்க. எனக்கு என்னமோ போல ஆயிருச்சு. நம்ம சாமானை இன்னொருத்தர் வீட்ல பாத்த மாதிரின்னு வச்சுக்கிடுங்க. இல்ல, சாமான்னு சொல்லக் கூடாது. எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

இன்னைக்கு வேற எதையும் கேக்கப் போறதில்ல. நேரடியாவே கேட்டுரப் போறேன், வேலையை விட்டுட்டு வந்துருன்னு. வேணும்னா அந்த ரெண்டாவது லாகினையும் வாங்கிரலாம்னு சொல்லப் போறேன். காலைல இருந்து அதைத்தான் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

இருங்க, கை காட்டுதா. என்னைத்தான். வந்துருதேன்.

வந்துட்டேன் அண்ணாச்சி. இந்தாங்க, இது என் டோக்கன். பதிமூணு. பிடிங்க. அவதான் குடுக்கச் சொன்னா. “உங்க பல்லுல ஒண்ணும் இல்லைன்னு போன தடவையே எழுதியாச்சு. அங்க ஒருத்தர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார், அவர்கிட்ட முக்கால் மணி நேரமாப் பேசிட்டு இருக்கீங்க. டோக்கனை அவருக்குக் குடுங்க”ன்னா. அங்க இருந்தே எல்லாத்தையும் பாத்திருக்கா. உங்களுக்கு ரொம்ப வலிக்குதா? நான் கேக்கவே இல்ல பாருங்க.

கேட்டேன், கேக்காம வருவேனா? லாகின் விசயத்தையும் சொன்னேன். முழுசாக் கேட்டா. குறுக்க பேசல. பிறகு குனிஞ்சு, பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்காத மாதிரி, “நான் அந்தப் போனை மறுபடி எடுக்க மாட்டேங்க. அது முடிஞ்சு போச்சு. லாகின் குடுத்தாலும் வர மாட்டேன். இதைக் கேக்கறதுக்காக இங்க வராதீங்க”ன்னா. முகத்துல கோவமே இல்ல. அப்படியே நிக்கேன். பின்னால ஒரு அம்மா இடிக்காங்க. சரி, போயிருவோம்னு திரும்பினேன். அப்பக் கூப்பிட்டா.

“எனக்குச் சாப்பாட்டு நேரம் ஒரு மணி. சும்மா வாறதா இருந்தா ஒரு மணிக்கு வாங்க, எப்பவும் வாங்க. இன்னைக்கு இருங்க, ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கொண்டு வந்திருக்கேன்”னா.

போங்க அண்ணாச்சி, பதிமூணு கூப்பிடுதா, நீங்கதான். பைய எந்திரிங்க. கையைப் பிடிச்சுக்கிடுங்க. நான் எங்க போகப் போறேன், மணி பதினொண்ணரைதான ஆகுது, இங்கனதான் இருப்பேன். போன் அடிச்சா அடிக்கட்டும்.

ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல. இன்னைக்கு வரணும்னு நான் முடிவு பண்ணினதே ஒம்பது மணிக்கு மேலதான். அவ எட்டு மணிக்கே சோத்தைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா. நான் யார்கிட்டயும் சொல்லல. இவளுக்கு எப்படித் தெரிஞ்சது?